மகனுக்கு மிஸ்ஸி வேலை

கேசரித் தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நான் அடுப்படி வாசலில் நிற்கிறேன். ஹாலில் விருந்தாளிகள். எல்லார் முகமும் என் பக்கம் திரும்பியிருக்கிறது. நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். பாதி வந்துவிட்டது. மீதி வரவில்லை.

பிடோக் அடுக்குமாடி வீட்டுக்குக் குடிவந்த கதையைப் போன வாரம் எழுதியிருந்தேன். அந்த வீட்டு ஹாலில்தான் இதுவும் நடந்தது. எண்பதுகள் பிறந்திருந்த சமயம். எந்த வருடம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. லிப்ட் எங்களுக்கு ஒரு மாடி கீழேயே நின்றுவிடும், அங்கிருந்து படி ஏற வேண்டும் என்பது ஞாபகம் இருக்கிறது. விருந்தாளிகள் மூச்சு வாங்கிக்கொண்டேதான் உள்ளே வந்தார்கள்.

வந்தவர்கள் ஜொகூர்க்காரர்கள், புருஷனும் பெண்டாட்டியும். அழைத்து வந்தவர் சலேத்தம்மா. உட்லண்ட்ஸிலிருந்து எங்கள் மாதா கோயில் தமிழ்ப் பூசைக்கு வருகிறவர். ஜொகூர்ப் பாலத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அவர் பேசி முடித்த கல்யாணங்கள் நிறைய. எங்கள் மகன் சேவியருக்குப் பெண் கொடுக்கலாமா என்று பார்க்க வந்திருந்தார்கள்.

ஜொகூர் அம்மா கேட்டது ஒரு சின்னக் கேள்வி.

"தம்பி டாக்டருக்குப் படிச்சு முடிக்க இன்னும் எவ்வளவு நாள் ஆகுங்க?"

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் மேலே சுற்றுகிற காத்தாடியைப் பார்த்தார்.

சேவியர் டாக்டருக்குப் படிக்கவில்லை. நர்ஸ் வேலைக்குப் படித்துக்கொண்டிருந்தான். அப்போதெல்லாம் நம் ஊரில் நர்ஸை மிஸ்ஸி என்றுதான் சொல்வோம். தமிழர், மலாய்க்காரர், சீனர் எல்லாருக்கும் அதே வார்த்தை. வெள்ளை உடுப்பும் தொப்பியுமாக வருகிற பெண் மிஸ்ஸி. அந்த வேலைக்கு ஓர் ஆண் வந்தால் என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று யாரும் யோசித்து வைக்கவில்லை.

அந்த ஒரு வார்த்தையால் அந்த வருடம் என் மகன் எங்களை விட்டுப் போய்விட இருந்தான்.

ன், ள்

டாக்டர் என்று நாங்கள் யாரிடமும் சொல்லவில்லை. சத்தியமாகச் சொல்லவில்லை.

ஒரு ஞாயிறு, பூசை முடிந்து கோயில் வாசலில் சலேத்தம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். "மகன் பட்டாளத்துலேர்ந்து வந்துட்டானாமே, இப்ப என்ன பண்றான்?" என்று கேட்டார். "ஆஸ்பத்திரியில படிக்கிறான்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அதற்கு மேல் எனக்குப் பேச வராது.

"அட! டாக்டருக்கா! வெளிய சொல்லவே இல்லையே நீ!" என்று அவர் என் தோளில் அடித்தார்.

எனக்குப் பதட்டம் வந்தால் தலை தானாக ஆடும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். ஆமாம் என்று ஆட்டுகிறேனா, இல்லை என்று ஆட்டுகிறேனா, எனக்கே தெரியாது. பார்க்கிறவர்கள் தங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொள்வார்கள்.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். என் மகள் பிலோமினா அப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். அவளைப் பற்றி, 'ஆஸ்பத்திரியில படிக்கிறாள்' என்று சொல்லியிருந்தால் சலேத்தம்மா என்ன கேட்டிருப்பார்? "மிஸ்ஸிக்கா?" என்றுதானே கேட்டிருப்பார்? நான் சொன்னது அதே இரண்டு வார்த்தை. கடைசியில் 'ன்' இருந்ததால் டாக்டர். 'ள்' இருந்திருந்தால் மிஸ்ஸி.

பிலோமினாதான் இப்போது நான் எழுதுவதற்கு ஒற்றுப் போட்டுத் தருகிறாள். முதலில் நான் 'ஆம்பிளை நர்ஸ்' என்று எழுதியிருந்தேன். "அம்மா, நர்ஸ்னு மட்டும் எழுதுங்க. பொம்பளை டிரைவர், லேடி டாக்டர், அப்படியெல்லாம் சொல்லாதீங்க. பேசும்போது பாத்துப் பேசணும்லா" என்று அடித்துவிட்டாள். சரி என்றேன். ஆனால் ஆம்பிளை என்று சொல்லாவிட்டால் இதில் கதையே இல்லையே? அவளும் கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டாள்.

நான் பெரும்பாலும் 'ங்க' போட்டே பேசிவிடுகிறவள். டாக்டர் வந்தாங்க, டீச்சர் சொன்னாங்க. மரியாதை கொடுத்துவிட்டால் ஆணா பெண்ணா என்ற பேச்சே வராது. ஆனால் பெற்ற பிள்ளைக்கு எப்படி 'ங்க' போடுவது?

பட்டாளத்துக்குப் போனவன்

சேவியர் சின்னதிலிருந்தே மெதுவான பிள்ளை. பந்து விளையாடப் போக மாட்டான். காகம் கொத்திய புறாக்குஞ்சை மேலே எடுத்து வந்து பஞ்சில் பால் நனைத்துக் கொடுப்பான். "பட்டாளத்துக்குப் போனா ஆம்பிளை ஆயிருவான்" என்று என் வீட்டுக்காரர் சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் துறைமுகத்தில் சரக்குத் தூக்குகிற வின்ச் ஓட்டுகிறவர். சத்தத்துக்கு நடுவில் வேலை செய்து செய்து, சாதாரணமாகப் பேசினாலே சண்டை போடுகிற மாதிரி இருக்கும்.

நேஷனல் சர்வீஸ் என்ற கட்டாயப் பட்டாளத்துக்கு எல்லாப் பையன்களையும் போல அவனும் போனான். தலையை மொட்டையடித்து அனுப்பினார்கள். நான் அழுதேன். அங்கே அவனுக்கு என்ன வேலை கொடுத்தார்கள் தெரியுமா? மெடிக். காயம் பட்டவனுக்குக் கட்டுப் போடுவது, காய்ச்சல் வந்தவனைப் பார்ப்பது, மயங்கியவனைத் தூக்கி வருவது.

அவன் அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. கோப்பிக்கடையில் எல்லாரிடமும், "நம்ம பையன் மெடிக். காட்டுக்குள்ள ஒருத்தன் கால் ஒடிஞ்சு கெடந்தானாம், இவன்தான் கட்டுப் போட்டுத் தூக்கிட்டு வந்தான்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

பட்டாளம் முடிந்து வந்தவன், அதே வேலையை ஆஸ்பத்திரியில் படிக்கப் போகிறேன் என்றான்.

"மிஸ்ஸி வேலையா?" என்றார் அவர். "அது பொட்டப் புள்ளைங்க பாக்குற வேலைடா."

"அங்கயும் இதேதாம்ப்பா பாத்தேன். கட்டுப் போட்டேன், ஊசி போட்டேன்."

"அது பட்டாளம்."

"காயம் ஒண்ணுதானேப்பா?"

"பட்டாளத்துல உன்னை மூத்திரச் சட்டி தூக்கச் சொன்னானா?"

"நீங்க இடுப்பு ஒடிஞ்சு கெடந்தப்ப அம்மா தூக்குனாங்களே."

"அவ பொம்பள."

பிலோமினா சும்மா இருக்க வேண்டியதுதானே? "அப்ப மூத்திரம் மட்டும் ஆம்பிளையோடதா இருக்கலாமாப்பா?" என்று கேட்டுவிட்டாள். அவர் பார்த்த பார்வையில் எழுந்து உள்ளே ஓடினாள்.

சட்டி தூக்கியவள் நான்தான். அது என் வேலை என்று அப்போது யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அவருக்கு எழுந்திருக்க முடியவில்லை, தூக்கினேன்.

சேவியர் படிக்கப் போனான். அன்றிலிருந்து அவர் அவனை 'டேய்' என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். அவர் வாயில் 'டேய்' என்றால் பிரியம். எதிரே உட்கார்ந்து சோறு தின்கிற பிள்ளையை விட்டுவிட்டு என்னைப் பார்த்து, "அவனுக்கு இன்னும் ரெண்டு மீன் வையி" என்பார். திட்டியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

எது பொம்பளை வேலை

இங்கே கொஞ்சம் பின்னால் போய்வருகிறேன். என் அப்பாவைப் பற்றிச் சொல்லாமல் என் குழப்பம் உங்களுக்குப் புரியாது.

அப்பா தேக்காவில் தையல்காரர். அம்மா இறந்த பிறகு எனக்குச் சடை பின்னிவிட்டது அவர்தான். கடை வாசலில் ஸ்டூலில் உட்கார வைத்து, தையல் ஊசியில் நூல் கோக்கிற கவனத்தோடு வகிடு எடுப்பார். போகிற வருகிறவர்கள், "பாவம், பொம்பளை வேலையெல்லாம் பாக்க வேண்டியிருக்கு" என்பார்கள். அப்பா தலை குனிந்துகொள்வார்.

பகல் முழுக்க அவர் என்ன தைத்தார்? பெண்களுக்கு ரவிக்கை. அது ஆம்பிளை வேலையாம். சாயங்காலம் பத்து நிமிடம் எனக்குச் சடை பின்னினால் அது பொம்பளை வேலையாம். இரண்டும் அதே கைதான்.

வீட்டில் துணி துவைப்பது பொம்பளை வேலை. தோபிக் கடையில் துவைத்து இஸ்திரி போட்டவர்கள் எல்லாரும் ஆம்பிளைகள். வீட்டில் சமைப்பது நான். சிராங்கூன் ரோட்டுச் சாப்பாட்டுக் கடைகளில் அண்டா கிண்டியவர்கள் எல்லாரும் மீசை வைத்தவர்கள். கட்டட வேலை என்றால் ஆம்பிளை என்பார்கள். எங்கள் தெருவில் கடைவீடு கட்டியபோது சிவப்பு முண்டாசு கட்டிய சீனத்துப் பெண்கள்தான் காவடி போலத் தோளில் கல் சுமந்து பலகையில் ஏறினார்கள்.

யார் இதைப் பிரித்தார்கள், எந்த இடத்தில் கோடு போட்டார்கள் என்று எனக்கு அன்றைக்கும் தெரியவில்லை. கேட்கவும் துணிச்சல் இல்லை. நான் தமிழ்ப் பள்ளியில் ஆரம்ப வகுப்போடு நின்றவள். படித்தவர்களுக்குத் தெரிந்திருக்கும் என்று இருந்துவிட்டேன்.

எங்கள் வீட்டிலேயே பாருங்கள். என் வீட்டுக்காரருக்குச் சந்தோஷம் வந்தால் பிலோமினாவை, "வாடா ராசா" என்பார். ஒரு நாள் அவள், "என்னை 'டா' போடுறீங்கல்ல, அண்ணனை ஒரே ஒரு தடவை 'டி' போட்டுக் கூப்பிடுங்க பாப்போம்" என்றாள். அவர் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. "அடி வாங்குவ!" என்றார். மகளை ராசா என்றால் கொஞ்சல். மகனை ராசாத்தி என்றால் சண்டை.

தொண்டையில் நின்றது

சரி, கேசரித் தட்டுக்கு வருகிறேன்.

"எவ்வளவு நாள் ஆகுங்க?" என்று ஜொகூர் அம்மா கேட்டார். என் வீட்டுக்காரர் வாயைத் திறக்கவில்லை. பெண்ணைப் பெற்றவர்கள் ஏமாந்துபோகக் கூடாது, இதை நாம் சொல்லிவிட வேண்டும் என்று எனக்கு எங்கிருந்தோ தோன்றியது. 'மகனுக்கு மிஸ்ஸி வேலைங்க.' இதுதான் நான் சொல்ல நினைத்தது. அடுப்படி வாசலிலேயே மனதுக்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

"மகனுக்கு மிஸ்ஸி..." வரைக்கும் வந்தது. 'வேலை' தொண்டையில் நின்றுவிட்டது.

ஜொகூர் அம்மா காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். "மிஸ்ஸியா? மகனுக்கு மிஸ்ஸி இருக்கா?"

என் தலை ஆடியது.

"கூட வேலை பாக்குற பொண்ணா?"

ஆடியது.

"நம்ம பொண்ணா... இல்ல, சீனப் பொண்ணா?"

அதற்கும் ஆடியது.

"மாதாவே!" என்றார் சலேத்தம்மா. "சீனத்தியா! இத மொதல்லயே சொல்லித் தொலைக்கக் கூடாதா? அதானே, டாக்டர் பையன்னா மிஸ்ஸிங்க சும்மா விடுவாளுங்களா?"

என் வீட்டுக்காரர் சொல்லியிருக்கலாம். 'அப்படி இல்லை, பையனே மிஸ்ஸிதான்' என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கலாம். முழங்காலைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தைப் பார்த்தேன். கோபம் மாதிரி இல்லை. பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. மகன் மிஸ்ஸி என்று சொல்வதைவிட மகன் ஒரு மிஸ்ஸியைக் கட்டப்போகிறான் என்று இருந்துவிடுவது அவருக்கு லேசாக இருந்ததோ என்னவோ.

ஜொகூர் அம்மா போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "வருத்தப்படாதீங்க. இந்தக் காலத்துப் பசங்க அப்படித்தான். கேசரி நல்லாருந்துச்சு" என்றார். நல்ல மனுஷி. இன்றைக்கும் அந்த அம்மா எங்கேயாவது, டாக்டர் பையன் கைநழுவிப் போன கதையைச் சொல்லிக்கொண்டிருப்பார்.

தேக்காவில்

சலேத்தம்மா வாயிலிருந்து அது கோயிலுக்குப் போனது. கோயிலிலிருந்து தேக்கா பசாருக்குப் போனது. நான் காய் வாங்கப் போனபோது கறிவேப்பிலை விற்கிற காசிம் தம்பி முறுவலித்தார்.

"என்னக்கா, சீன மருமகளாமே? இனிமே தோசையக் குச்சியால எடுத்துச் சாப்பிடப் பழகிக்கங்கக்கா."

அங்கேயும் என் தலை ஆடியது. ஒரு கட்டுக் கறிவேப்பிலை கூடுதலாகப் போட்டார். கல்யாணத்துக்காம்.

சேவியர் வார நாளில் ஆஸ்பத்திரி விடுதியில் இருப்பான். ஞாயிற்றுக்கிழமை வருவான். அந்த ஞாயிறு பிலோமினா வாசலிலேயே, "அண்ணா, கங்கிராஜுலேஷன்ஸ்! அண்ணி பேர் என்னா?" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னாள். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். நானும் சிரித்தேன். இதோடு போயிற்று என்று நினைத்தேன்.

பிறகு அவன் சிரிப்பு நின்றது.

"அப்பா அங்கதானே இருந்தாரு?"

"இருந்தாருப்பா."

"ஒண்ணுமே சொல்லலையா?"

நான் தரையைப் பார்த்தேன். அவர் கூடத்தில் செய்தித்தாள் பிடித்துக்கொண்டிருந்தார். கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

சேவியர் சத்தம் போடவில்லை. அவனுக்குச் சத்தம் போட வராது, என்னைப் போல. ஆனால் சொல்ல வேண்டியதை முழுதாகச் சொல்கிறவன். அது எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை.

"அம்மா, எனக்குப் பொண்ணு பாக்க வேணாம். நான் என்ன வேலை பாக்குறேன்னு அப்பா ஒரே ஒரு தடவை, வெளி ஆளு முன்னாடி, அவர் வாயால சொல்லட்டும். நல்லதுன்னு சொல்ல வேணாம். பேரைச் சொன்னாப் போதும். அதுவரைக்கும் நான் வீட்டுக்கு வரல."

பையை எடுத்தான். போய் ஆறிவிட்டு வருவான் என்றுதான் இருந்தேன். உள்ளே போய்த் தன் தலையணையையும் எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தான். தலையணையோடு போகிற பிள்ளை திரும்பி வருகிற பிள்ளையா?

டிரெஸ்ஸர் ஐயா

அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. மீன்குழம்பு வைத்து அடுக்குப் பாத்திரத்தில் பிலோமினாவிடம் கொடுத்தனுப்புவேன். கழுவித் துடைத்த பாத்திரம் திரும்பி வரும். "நல்லா இருக்கான்மா" என்பாள். அவர் கேட்காத மாதிரி இருப்பார். ஆனால் அவள் செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டதும் ரேடியோவைச் சின்னதாக வைத்துவிடுவார்.

அந்த மாதங்களில் ஒரு நாள் வின்ச் கம்பி அவர் கட்டை விரலைக் கிழித்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றேன். மாட்டேன் என்று பழைய வேட்டித் துணியைக் கிழித்துச் சுற்றிக்கொண்டார். ஆறுவதும் பிளப்பதுமாக இருந்தது.

துணி சுற்றும்போது ஒரு நாள் தானாகவே பேச ஆரம்பித்தார். அவர் பிறந்தது ஜொகூர்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில். அங்கே டிரெஸ்ஸர் என்று ஒருவர் இருந்தாராம். வெள்ளைக் கால்சட்டை, சைக்கிள். டாக்டர் எப்போதாவதுதான் வருவார். மற்ற நாளெல்லாம் காயத்தைக் கழுவிக் கட்டுவதும் மருந்து கொடுப்பதும் டிரெஸ்ஸர்தான். "அந்தாளு சைக்கிள் வந்தா கங்காணியே எந்திரிச்சு நிப்பான்" என்றார்.

எனக்குப் பளிச்சென்று ஏதோ தட்டியது. "அதானே நம்ம சேவியரும் பாக்குறான்? நீங்க அவனை டிரெஸ்ஸர்னு சொல்லிட்டா என்ன?" என்றேன். நான் அவரிடம் அவ்வளவு நீளமாகப் பேசியது அபூர்வம். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

கோப்பிக்கடையில் சொல்லியிருக்கிறார். "பையன் டிரெஸ்ஸருக்குப் படிக்கிறான்." யாரும் சிரிக்கவில்லையாம். பிலோமினா அதைத் தூக்கிக்கொண்டு அண்ணனிடம் ஓடினாள். முகம் தொங்கத் திரும்பி வந்தாள்.

"வேணாமாம்மா. அவன் கிளாஸ்ல இருக்குற பொண்ணுங்களுக்கும் அவனுக்கும் ஒரே பாடம், ஒரே எக்ஸாமாம். அவங்க மிஸ்ஸின்னா நானும் மிஸ்ஸிதான், ஆம்பிளைக்குன்னு தனிப் பேரு எதுக்குங்கிறான்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மரியாதையான பேர் தேடிக் கொடுத்தேன். அந்த மரியாதைதான் வேண்டாம் என்கிறான். அப்பாவும் பிள்ளையும் ஒரே ஒரு வார்த்தையை நடுவில் போட்டுக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் நின்றால், எனக்கு எந்தப் பக்கம் இடம்?

தொப்பி இல்லாதவன்

படிப்பு முடிகிற விழாவுக்குப் பெற்றோருக்கு அழைப்பு வந்தது. "நான் வரல" என்றார். அன்றைக்குக் காலையில் முகம் மழித்து, பூசைக்குப் போடுகிற சட்டையைப் போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் லிப்டுக்கு இறங்கிவிட்டார். நான் கேட்கவில்லை. கேட்டால் திரும்பிவிடுவார்.

பெரிய மண்டபம். பூவும் மருந்து வாசனையும் கலந்த ஒரு வாடை. மேடையில் வரிசை வரிசையாகப் பெண்கள். ஒவ்வொருத்திக்கும் தலையில் வெள்ளைத் தொப்பி வைத்துப் பின் குத்தினார்கள். நடுவில் நாலைந்து பையன்கள். அவர்களுக்குத் தொப்பி கிடையாது. தோளில் பட்டை வைத்தார்கள். சேவியர் உயரமாக நின்றான். இளைத்திருந்தான்.

எங்களுக்குப் பக்கத்தில் ஒரு முஸ்லிம் பெரியவர். தேக்காப் பக்கம் ஜவுளிக்கடை வைத்திருப்பதாகச் சொன்னார். அவருடைய மகளும் மேடையில் நிற்கிறாளாம். பெருமை பொங்க எங்கள் பக்கம் சாய்ந்தார்.

"உங்க மக எந்த வரிசைண்ணே?"

என் வீட்டுக்காரர் இப்போது எழுந்து போய்விட்டால்? நான் முந்தானைக்குள் வாயை வைத்து, "டிரெஸ்ஸர்னு சொல்லிடுங்க" என்று முணுமுணுத்தேன்.

"மக இல்ல, மகன்" என்றார் அவர். "அந்தா, தொப்பி இல்லாம உசரமா நிக்கிறான் பாருங்க."

"ஓ! தம்பி டாக்டரா?"

சும்மா தலையை ஆட்டினால் போதும். நானாக இருந்தால் ஆட்டியிருப்பேன்.

"மிஸ்ஸி" என்றார் அவர்.

அவர் குரல்தான் தெரியுமே. முன் வரிசையில் நாலு பேர் திரும்பினார்கள்.

"மிஸ்ஸியா?" என்றார் பெரியவர்.

"ஆமாலா. மிஸ்ஸி."

பெரியவர் தாடியைத் தடவினார். கெட்ட மனதோடு இல்லை, உண்மையான கவலையோடுதான் கேட்டார். "நல்லதுதான்ணே. ஆனா இந்த வேலைன்னா பொண்ணு குடுப்பாங்களா?"

"நீங்களும் மகளை மிஸ்ஸியாத்தானே நிறுத்தியிருக்கீங்க? அதுக்கு மாப்பிள்ளை கெடைக்குமான்னு நான் கேட்டேனா?"

பெரியவர், "நியாயம்தான்" என்று மேடைப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் என் வீட்டுக்காரரை எட்டிப் பார்த்தேன். சந்தோஷமா, கோபமா? துணி சுற்றிய கட்டை விரலை இன்னொரு கையால் அழுத்திக்கொண்டு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விழா முடிந்து வெளியே கூட்டம். அவர் பஸ் நிற்கிற இடத்துக்கு நடந்துவிட்டார். சேவியர் என்னிடம் ஓடி வந்தான். நடந்ததைச் சொன்னேன்.

"அப்பா சொன்னாரா? என்னன்னு?"

"மிஸ்ஸின்னு."

"எப்படிச் சொன்னாரு? கேலியாவா, கடுப்பாவா?"

"தெரியலையேப்பா. சத்தமாச் சொன்னாரு."

அவன் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு தூரத்தில் போகிற அப்பா முதுகைப் பார்த்தான்.

விரல்

அன்று சாயங்காலம் நான் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தேன். கதவு தட்டப்பட்டது. பிலோமினா திறந்தாள். வெள்ளை உடுப்பைக்கூட மாற்றாமல் சேவியர் நின்றான். அக்குளில் தலையணை.

அவன் உள்ளே போய்த் தலையணையைக் கட்டிலில் போட்ட சத்தம் கேட்டது. ரேடியோவில் மருத்துவக் குறிப்போ என்னவோ ஓடிக்கொண்டிருந்தது. அவர் அதை அணைத்தார்.

"டேய் மிஸ்ஸி."

வெங்காயத்தில் கத்தி நின்றுவிட்டது.

அவன் படிக்கப் போன நாளிலிருந்து வராத 'டேய்' அது. அதோடு ஒட்டிக்கொண்டு அந்த வார்த்தை. 'டேய்' ஆம்பிளைக்கு, 'மிஸ்ஸி' பொம்பளைக்கு. இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து நான் அதுவரை கேட்டதில்லை. கிண்டல் பண்ணுகிறாரா? தோற்றுப்போய்ச் சொல்கிறாரா? கொஞ்சுகிறாரா? மறுபடியும் சண்டை வரப்போகிறதா, வெளியே போவதா, அடுப்படியிலேயே நிற்பதா என்று தெரியாமல் கையில் வெங்காயத்தோடு நின்றேன்.

"என்னாப்பா?" என்றான் சேவியர்.

"இதப் பாரு."

எட்டிப் பார்த்தேன். அவர் கட்டை விரலை நீட்டிக்கொண்டிருந்தார். அவன் தரையில் உட்கார்ந்து வேட்டித் துணியை மெல்லப் பிரித்தான்.

"இவ்வளவு நாளா இப்படியேவா வச்சிருந்தீங்க?"

"ஆள் இல்ல."

"பிலோ, சுடுதண்ணி கொண்டா. அம்மா, இந்தத் துணியத் தூக்கிப் போடுங்க."

தண்ணீர் வந்தது. அவன் குனிந்து கழுவினான். அவர் வலித்தபோது பல்லைக் கடித்துக்கொண்டு காத்தாடியைப் பார்த்தார். இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் கண்ணை மூடும் வரைக்கும் எங்கள் வீட்டில் சேவியர் 'டேய் மிஸ்ஸி'தான். சலேத்தம்மா முன்னாலும் அப்படித்தான் கூப்பிட்டார். அந்த அம்மா திகைத்துப்போய் என்னைப் பார்த்தார், என் தலை ஆடியது.

பிலோமினா இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டு, "அம்மா, அப்பா அதைக் கேலியாச் சொன்னாரா, பாசமாச் சொன்னாரா? படிக்கிறவங்க கேப்பாங்க, ஒரு வரி எழுதுங்க" என்கிறாள்.

எனக்குத் தெரியவில்லை என்றே எழுதுகிறேன். அவர் கூப்பிட்டார். இவன் 'என்னாப்பா' என்று வந்தான்.